தோட்டாவின் வரலாறு – 11: ஏழுக்கு ஐம்பத்தேழு

சென்ற இதழில், பால் வியெய் 1884-இல் புகையில்லா வெடிமருந்தைச் செய்து முடித்ததையும், இரண்டே ஆண்டில் பிரெஞ்சுப் படை அதை லெபல் ரைஃபிளில் போட்டதையும், அக்கம்பக்கத்து அரசுகளெல்லாம் தூக்கம் கெட்டுப் புதுத் துப்பாக்கி தேடி ஓடியதையும் பார்த்தோம். அந்த ஓட்டத்தில் பிறந்த தோட்டாக்கள் நிறைய. படைகள் அவற்றைச் சில பத்தாண்டுகள் வைத்திருந்துவிட்டுக் கைகழுவின. இந்த இதழில் எடுத்துக்கொள்ளும் தோட்டாவையும் அப்படித்தான் கைகழுவின. ஆனால் வேட்டைக்காரர்கள் அதை விடவில்லை. கடையில் விற்ற தோட்டா சோப்ளாங்கியாக இருந்தபோது, வீட்டு மேசையில் தாங்களே மருந்து நிரப்பிக்கொண்டு அதைப் பிழைக்க வைத்தார்கள்.

7×57 மௌசர். குழலின் உள்விட்டம் 7 மில்லிமீட்டர், பித்தளைக் கூட்டின் நீளம் 57 மில்லிமீட்டர். ஜெர்மனியின் தென்மேற்கில், நெக்கார் ஆற்றங்கரையில் உள்ள ஓபர்ன்டார்ஃப் ஊரில் பால் மௌசரின் தொழிற்சாலை இருந்தது. அங்கே 1892-ஐ ஒட்டி இந்தத் தோட்டா உருவானது. முதலில் வாங்கியது ஜெர்மனி அல்ல, ஸ்பெயின். 1893-இல் ஸ்பானியப் படை இதையும் இதற்கான மௌசர் ரைஃபிளையும் ஒருசேர ஏற்றுக்கொண்டது.

கூட்டின் அடிப்பகுதி 12 மில்லிமீட்டர் விட்டம். விளிம்பு வெளியே துருத்திக்கொண்டு நிற்காது. அதனால் ரைஃபிளின் வயிற்றுக்குள் ஐந்து தோட்டாவை நெருக்கமாக அடுக்கலாம், ஒன்றின் விளிம்பு இன்னொன்றில் மாட்டாது. குண்டு 173 கிரெய்ன், அதாவது பதினொரு கிராமுக்குச் சற்று மேல். நீண்டு, முனை உருண்டு, செப்புக் கலவை உறை போட்ட குண்டு. குழல்வாயிலிருந்து வினாடிக்குச் சுமார் 700 மீட்டர் வேகத்தில் புறப்படும். அதற்கு முந்தைய தலைமுறையின் 11 மில்லிமீட்டர் ஈயக் குண்டுகள் 450 மீட்டரைத் தாண்டவே திணறியவை. தோளில் வாங்கும் உதையோ அவற்றைவிடக் குறைவு. இந்தக் கடைசி விவரத்தை நினைவில் வையுங்கள். இந்தத் தோட்டாவின் வேட்டை வாழ்க்கைக்கே அதுதான் அடிப்படை.

முதலில் போர். 1898 ஜூலை 1 அன்று கியூபாவில், சாண்டியாகோ நகருக்கு வெளியே சான் ஹுவான் குன்றுகளிலும் எல் கேனி கிராமத்திலும் அமெரிக்கப் படை ஸ்பானியரோடு மோதியது. எல் கேனியில் ஐந்நூறு சொச்சம் ஸ்பானியச் சிப்பாய்கள், பல மடங்கு பெரிய படையைப் பகலின் பெரும்பகுதி நிறுத்தி வைத்தார்கள். வென்றது அமெரிக்காதான். ஆனால் அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் மாண்டும் காயப்பட்டும் விழுந்தார்கள். தம் கிராக் ரைஃபிளில் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். எதிரியோ ஐந்தைத் தகட்டில் கோத்து ஒரே அழுத்தில் உள்ளே தள்ளுகிறான். இந்தப் பாடம் வாஷிங்டனுக்குச் சுருக்கென்று தைத்தது. அடுத்து வந்த 1903 ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளில் மௌசரின் அமைப்பைத் தாராளமாக எடுத்துக்கொண்டு, பிற்பாடு காப்புரிமைத் தொகையாக மௌசர் நிறுவனத்துக்கு 2 லட்சம் டாலர் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தார்கள்.

அடுத்த மேடை தென்னாப்பிரிக்கா. 1899-இல் தொடங்கிய போயர் போருக்குமுன் டிரான்ஸ்வால் அரசு ஆயிரக்கணக்கில் இந்த மௌசர்களை வாங்கிக் குவித்திருந்தது. போயர்கள் குடியானவர்கள், மான் சுட்டு வளர்ந்தவர்கள். தொலைவு கணிக்கக் கண்ணுக்குப் பழக்கம் உண்டு. 1899 டிசம்பரில் கொலென்சோவிலும் 1900 ஜனவரியில் ஸ்பியான் காப் குன்றிலும் பிரிட்டிஷ் படை இந்த 7 மில்லிமீட்டர் மழையில் நனைந்தது. அங்கே காயப்பட்டவர்களைத் தூளியில் தூக்கிச் சுமந்தவர்களில் நம்மவர்கள் உண்டு. காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் இருந்த சுமார் 1,100 பேரில் எண்ணூறு பேர் ஒப்பந்தக் கூலித் தொழிலாளர்கள். நேட்டாலுக்கு அப்படிப் போனவர்களில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும். மௌசர் குண்டு என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைப் பல தளபதிகளைவிட அவர்கள் கிட்டத்தில் பார்த்திருப்பார்கள்.

என்ன செய்யாது என்பதைத்தான் அந்தப் போரின் அறுவை மருத்துவர்கள் வியந்து எழுதினார்கள். உறை போட்ட ஒல்லிக் குண்டு, எலும்பிலோ முக்கிய உறுப்பிலோ படாவிட்டால், சிறு துளை போட்டுக்கொண்டு மறுபக்கம் போய்விடுகிறது. காயம் சுத்தமாக இருக்கிறது. ஆள் சில வாரத்தில் எழுந்து நடக்கிறான். போர்க்களத்தில் இதை மனிதாபிமானம் என்றார்கள். காட்டில் இது கொடுமை. துளைபட்ட மான் பல மைல் ஓடி, யார் கையிலும் சிக்காமல் எங்கோ ஒரு புதரில் கிடந்து சாகும். அதனால் வேட்டைக்கு முனையில் ஈயம் தெரியும் குண்டு வந்தது. மெல்லிய தோலுள்ள விலங்கின் உடலில் பட்டதும் அது காளான்போல் விரியும். உறையை முழுக்கப் போட்டுக் கெட்டியாக்கிய குண்டு தடித்த மண்டையோட்டுக்கு மட்டும் என்று ஒதுங்கியது. ஒரே கூட்டில் இரண்டு வேலைக்கும் குண்டு கிடைத்தது. ஒல்லி, நீளம், கனம் என்ற மூன்றும் சேர்ந்த குண்டு தன் வேகத்துக்கு மிஞ்சிய ஆழம் போகும் என்பதும் வேட்டைக்காரர்களுக்குப் பிடிபட்டது.

இதைக் கடைசி எல்லை வரை இழுத்துப் பார்த்தவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். வால்டர் பெல், 1880-இல் பிறந்தவர். கிழக்கு ஆப்பிரிக்காவின் கரமோஜா பகுதியில் யானைத் தந்தத்துக்காக அலைந்ததால் கரமோஜோ பெல் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆயிரத்துக்கு மேல் யானை சுட்டவர். அந்தக் காலத்து நியதிப்படி யானைக்குப் போகிறவன் .450-ஓ .577-ஓ உள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி எடுத்துப் போவான். தோள்பட்டையைப் பெயர்க்கிற உதை. விலை ஒரு வீட்டை விற்றால்தான் கட்டும். பெல் எடுத்துப் போனது லண்டன் ரிக்பி கடை மௌசரின் அமைப்பில் கட்டி விற்ற இலகுவான 7 மில்லிமீட்டர் ரைஃபிள். பெரும்பகுதி யானைகள் அதில்தான் விழுந்தன. 173 கிரெய்ன் கெட்டிக் குண்டு, ஜெர்மனியில் செய்த படைத் தோட்டா.

மந்திரம் எதுவும் இல்லை. செத்த யானையின் தலையை ரம்பத்தால் நெடுக்கே அறுத்து, மூளை எங்கே, எவ்வளவு பெரிது, எந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் எந்த எலும்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்று படம் போட்டுப் படித்தார். பின்பக்கமாகச் சாய்வில் நின்று மூளையை அடிக்கும் கோணத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். துப்பாக்கியைச் சுமக்கவும் ஆள் வைக்கவில்லை. கைக்குப் பழக வேண்டும் என்று நாள் முழுக்கத் தானே சுமந்தார். பெரிய குண்டு செய்கிற வேலையைச் சரியான இடம் செய்யும் என்பது அவர் கட்சி. அவருடைய யானை வேட்டை நூல் 1923-இல் வெளிவந்தபின் இந்தத் தோட்டாவின் புகழ் காட்டுத்தீயாகப் பரவியது. எனக்கோ அந்தக் கணக்கை வீரம் என்று எழுத மனம் வரவில்லை. பியானோக் கட்டைக்கும் பில்லியர்ட்ஸ் பந்துக்கும் தந்தம் விற்ற வியாபாரம் அது. பெல்லைப் படித்து, அவர் குறி இல்லாமல் அவர் துப்பாக்கியை மட்டும் வாங்கிப் போன பலர் யானைக் காலடியில் முடிந்ததாகப் பழைய வேட்டைக்காரர்கள் எச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். அந்த எச்சரிக்கையை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

பிரிட்டனில் இதே தோட்டா .275 ரிக்பி என்ற பெயரில் விற்றது. இந்தியாவுக்கும் அந்தப் பெயரில்தான் வந்தது. 1907-இல் குமாவுன் மலையில் 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்தியபின், ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹெவெட் பரிசாகக் கொடுத்தது ஒரு .275 ரிக்பி. கட்டையில் வெள்ளித் தகடு பதித்து, எதற்காகக் கொடுத்தது என்று எழுதியிருக்கும். பிற்பாடு அவருடைய நூல்களை வெளியிட்ட ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்திடம் இருந்து, இப்போது ரிக்பி நிறுவனத்திடமே திரும்பிவிட்டது. கார்பெட்டிடம் .450/400 என்ற கனரகத் துப்பாக்கியும் இருந்தது. செங்குத்தான மலைப்பாதையில் நாள்கணக்கில் நடக்கிற ஒருவர் இரண்டில் எதைச் சுமக்க ஆசைப்பட்டிருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு இந்தியாவில் அந்த அத்தியாயம் மூடப்பட்டது. நாமும் அட்லாண்டிக்கைத் தாண்டுவோம்.

தாண்டினால் ஒரு விசித்திரம் காத்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் யானை வீழ்த்திய தோட்டா, அமெரிக்கக் கடைகளில் நோஞ்சானாகக் கிடந்தது. காரணம் அதன் ஆயுள். 1893, 1895 மாதிரி மௌசர்கள் ஸ்பெயினோடு நிற்கவில்லை. சிலி, பிரேசில், மெக்சிகோ என்று லத்தீன் அமெரிக்கா முழுக்கப் போயிருந்தன. ரெமிங்டன் தன் பங்குக்கு, ரோலிங் பிளாக் என்ற அதைவிடப் பழைய ஒற்றைத் தோட்டா அமைப்பிலும் 7 மில்லிமீட்டர் குழலை மாட்டி ஏற்றுமதி செய்திருந்தது. படைகள் கழித்துக்கட்டிய இவையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அமெரிக்கச் சந்தைக்கு மூட்டையாக வந்து இறங்கின. 1968-இல் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வரும்வரை, பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துத் தபாலில் பணம் அனுப்பினால் ரைஃபிள் வீடு தேடி வரும்.

இந்தப் பழசுகளின் எஃகு மென்மை. பூட்டை முன்னால் பிடித்து நிறுத்தும் காதுகள் இரண்டுதான். 1898 மாதிரியில்தான் மௌசர் பின்பக்கம் மூன்றாவது காதைக் காப்புக்குச் சேர்த்தார். கூடு கிழிந்தால் வாயு சுடுபவன் கண்ணில் அடிக்காமல் பக்கவாட்டில் வெளியேற வழியும் வைத்தார். தோட்டாவுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. 1893-இலும் நுழையும், 1898-இலும் நுழையும். கடையில் பெட்டி வாங்குகிறவர் அதை எதில் போடுவார் என்று தொழிற்சாலைக்கும் தெரியாது. ஆகவே மிக நலிந்த ரைஃபிளை மனத்தில் வைத்தே மருந்து போட்டார்கள். அமெரிக்க உற்பத்தியாளர் சங்கம் இதற்கு வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 51,000 பவுண்டு. அமெரிக்கப் படையின் .30-06 தோட்டாவுக்கோ 60,000. ஐரோப்பிய விதி அவ்வளவு கஞ்சத்தனம் காட்டவில்லை. அங்கே 3,900 பார், அதாவது 56,000 பவுண்டுக்கு மேல். ஒரே தோட்டா, கடலுக்கு அக்கரையில் கொஞ்சம் தெம்பாகவும் இக்கரையில் சோர்ந்தும் இருந்தது. 1898 அமைப்பில் நல்ல எஃகுத் துப்பாக்கி வைத்திருந்த அமெரிக்கருக்கு இருந்த ஒரே வழி, தானே நிரப்புவது.

தானே நிரப்புவது புதுசல்ல. எருமைத் தோலுக்காகப் புல்வெளியில் முகாமிட்ட 1870-களின் வேட்டைக்காரர்கள், பகலில் சுட்ட கூடுகளைப் பொறுக்கி இரவில் தீயோரம் உட்கார்ந்து நிரப்பினார்கள். 1884-இல் தொடங்கிய ஐடியல் நிறுவனம் பாக்குவெட்டி மாதிரியான கைக்கருவி ஒன்றை விற்றது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காட்டுக்கே போகலாம். ஆனால் இது பொழுதுபோக்காகவும் கைத்தொழிலாகவும் வெடித்துப் பெருகியது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஐந்தாறு ஆண்டுகளில். அந்த ஆண்டுகள் ருசியானவை. கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

போரின்போது தொழிற்சாலைகள் படைக்கே உழைத்தன. வேட்டைக்குத் தோட்டா கிடையாது, குண்டும் கிடையாது. இல்லாமையிலிருந்து ஆட்கள் கிளம்பினார்கள். கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஃபிரெட் ஹன்டிங்டன், சுட்டுத் தூக்கியெறிந்த .22 கூடுகளை அழுத்தி அவற்றையே குண்டின் உறையாக மாற்றும் அச்சுகளைச் செய்தார். 1943-இல் அப்படித் தொடங்கியதுதான் ஆர்.சி.பி.எஸ்.; இன்று உலகமெங்கும் நிரப்பு மேசைகளில் அதன் பச்சை வண்ணக் கருவிகள் நிற்கின்றன. ஐடஹோ மாநிலத்தின் லூயிஸ்டனில் வெர்னன் ஸ்பியரும் அதே .22 கூடுகளிலிருந்து குண்டு செய்யத் தொடங்கினார். அவரோடு வேலை பார்த்த ஜாய்ஸ் ஹார்னடி 1949-இல் நெப்ராஸ்காவில் தனிக்கடை போட்டார்.

போர் முடிந்ததும் மருந்து வந்தது. அதைக் கொண்டுவந்தவர் கான்சஸ்காரர் புரூஸ் ஹாட்ஜ்டன். அரசிடம் மிஞ்சிக் கிடந்த 4895 என்ற மருந்து, கேரண்ட் ரைஃபிளின் தோட்டாவுக்காகச் செய்தது; அதில் 50,000 பவுண்டை ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தின் மேல் கடன் வாங்கிப் பிடித்தார். வைக்க இடமில்லை. பழைய சரக்கு ரயில்பெட்டி ஒன்றை வாங்கி மேய்ச்சல் நிலத்தில் நிறுத்தி அதில் அடைத்தார். ஒரு பவுண்டு 75 சென்ட் என்று விளம்பரம் கொடுத்தார். அடுத்து 20 மில்லிமீட்டர் பீரங்கித் தோட்டாக்களைப் பிரித்தெடுத்த 4831 வந்தது. பீரங்கிக்கென்று செய்ததால் நிதானமாக எரியும் மருந்து. கனத்த குண்டைச் சட்டென்று உதைக்காமல், குழல் நெடுகிலும் தள்ளிக்கொண்டே போகும். 7×57-இல் 160, 175 கிரெய்ன் குண்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. இரண்டு மருந்தும் பார்க்கச் சாம்பல் நிறப் பொடிக்குச்சிகள்தான். 4831 இருக்க வேண்டிய இடத்தில் அதே எடைக்கு 4895-ஐக் கொட்டினால் ரைஃபிள் சிதறும். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் திறந்திருக்க வேண்டும் என்று பழைய கைகள் இன்றும் புதியவர்களை அதட்டுவது சும்மா அல்ல.

குண்டின் கதையும் இதே ஆண்டுகளில் மாறியது. 1946-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நாஸ்லர் என்ற லாரித் தொழில்காரர் ஒரு மூஸ் கடமானைச் சுட்டார். உடம்பெல்லாம் காய்ந்த சேறு அப்பிய விலங்கு. கையில் .300 ஹாலண்டு மேக்னம், பெரிய துப்பாக்கிதான். குண்டுகள் சேற்றிலும் தோலிலுமே உடைந்து சிதறின, விலங்கு விழவில்லை. ஊருக்கு வந்து அவர் செய்தது, நடுவில் செப்புத் தடுப்புச் சுவர் வைத்த குண்டு. முன்பாதி விரியும், பின்பாதி கனம் குறையாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பார்ட்டிஷன் என்ற பெயரில் 1948-இல் விற்பனைக்கு வந்தது. மெல்லிய விலங்குக்கு ஒன்று, கெட்டி விலங்குக்கு ஒன்று என்று ஐம்பது ஆண்டாக இருந்த பிரிவினையை அது பாதி அழித்தது. உதை குறைந்த, வேகம் மிதமான பழைய தோட்டாக்கள் இதனால் தங்கள் எடைக்கு மேலான வேலை செய்யத் தொடங்கின.

சரி, மேசையில் நடப்பது என்ன? சுட்ட கூடு, ரைஃபிளின் அறை எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு ஊதியிருக்கும். எண்ணெய் தடவி, எஃகு அச்சுக்குள் நெம்புகோலால் அழுத்தினால் பழைய அளவுக்குச் சுருங்கும். அதே அழுத்தில், மருந்தைப் பற்றவைத்துச் செத்துப்போன பிரைமர் அடியிலிருந்து தெறித்து விழும். சுட்டுச் சுட்டுக் கூட்டின் கழுத்து நீண்டிருந்தால் 57 மில்லிமீட்டருக்கு வெட்டிவிட வேண்டும். விட்டால் அது குழலின் தொண்டையில் முட்டிக் குண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் எகிறும். புதுப் பிரைமர், தராசில் நிறுத்த மருந்து, மேலே குண்டு. ஒரு கிரெய்ன் என்பது ஒரு கிராமில் பதினைந்தில் ஒரு பங்கு. தராசு அதிலும் பத்தில் ஒரு பங்கைக் காட்டும். மருந்தின் அளவுகளை இங்கே நான் தரப்போவதில்லை. அவை அந்தந்த மருந்து நிறுவனத்தின் கையேட்டில் இருக்கின்றன. ஒரு ரைஃபிளில் சாதுவாக இருப்பது இன்னொன்றில் அப்படி இருக்காது என்பதுதான் இந்த இதழின் பாதிக் கதையே.

7×57-க்கு என்று சில தனிக் குணங்கள் உண்டு. மௌசர் 173 கிரெய்ன் உருண்டைமுனைக் குண்டுக்காக அறை வெட்டியதால், பழைய படைக் குழல்களில் தொண்டை நீளம். 140 கிரெய்ன் குட்டைக் குண்டைப் போட்டால், அது கூட்டைவிட்டுக் கிளம்பி வரிப்பள்ளத்தைத் தொடுமுன் கொஞ்ச தூரம் அந்தரத்தில் தாண்ட வேண்டும். அந்தத் தாவலில் குறி கலையும். கடைத் தோட்டாவில் இதற்கு மருந்தில்லை. வீட்டில் நிரப்புகிறவர் கனத்த குண்டைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது குண்டைக் கூட்டுக்கு வெளியே சற்று நீட்டி உட்கார வைத்து இடைவெளியைக் குறைக்கலாம். தன் ரைஃபிளின் தொண்டைக்கு அளந்த தோட்டா அது. இன்னொருவர் ரைஃபிளில் பூட்டே மூடாமல் போகலாம்.

கூடு கிடைக்காத காலங்களில் இந்தத் தோட்டாவின் 12 மில்லிமீட்டர் அடிப்பகுதி கைகொடுத்தது. ஜெர்மனியின் 8×57-உம் அமெரிக்காவின் .30-06-உம் அதே அளவு அடிப்பகுதி உள்ள ஒரே வம்சம். சந்தைகளிலும் சுடுகளங்களிலும் .30-06 கூடுகள் மலிவாகக் குவிந்து கிடந்தன. அச்சில் அழுத்தித் தோளைக் கீழே இறக்கி, 63 மில்லிமீட்டரை 57-க்கு வெட்டி, கழுத்தின் உட்சுவரைச் சுரண்டி மெலிதாக்கினால் ஒரு 7×57. கழுத்தைச் சுரண்டாமல் விட்டால் ஆபத்து. படைக் கூடுகளின் சுவர் தடிமனாகையால் உள்ளே இடம் குறைவு; அதே மருந்தளவு கூடுதல் அழுத்தம் தரும். பழகிய கைகள் அதற்கேற்ப மருந்தைக் குறைத்துத் தொடங்கின.

கூட்டின் ஆயுளையும் கண்காணிக்க வேண்டும். பழைய ரைஃபிள்களில் பூட்டுக்கும் அறைக்கும் இடையே இடைவெளி அதிகம். ஒவ்வொரு வெடியிலும் கூடு அடிப்பகுதிக்குச் சற்று மேலே இழுபட்டு மெலியும். ஒருநாள் அங்கேயே இரண்டாகப் பிரியும். முனை வளைத்த கம்பியைக் கூட்டுக்குள் விட்டு உட்சுவரை வருடினால், பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். தட்டுப்பட்டால் அந்தக் கூடு குப்பைக்கு. பிரைமர் தட்டையாவது, பூட்டு எழும்ப அடம்பிடிப்பது ஆகியவை அழுத்தம் மிஞ்சியதன் அடையாளங்கள் என்று எல்லாக் கையேடும் சொல்லும். ஆனால் 1893 மாதிரியின் மென்மையான எஃகில் அந்த அடையாளங்கள் தெரியும் முன்பே பூட்டுக் காதுகள் தம் இருக்கையில் அழுந்தத் தொடங்கியிருக்கும். தொழிற்சாலை பயந்தது நியாயம்தான்.

அப்படி நிரப்பிய தோட்டாவுக்குப் பேர்போன வீடு லூயிஸ்டனில் இருந்தது. ஜாக் ஓ'கானர், அரிசோனா பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்துவிட்டு, 'அவுட்டோர் லைஃப்' இதழின் துப்பாக்கிப் பகுதியைப் பல ஆண்டுகள் நடத்தியவர். 1925-இல் வந்த .270 வின்செஸ்டரை அமெரிக்காவின் செல்லப்பிள்ளையாக்கியது அவர் பேனாதான். ஆனால் அவர் மனைவி எலினர் அந்தச் செல்லப்பிள்ளையைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் கை எடுத்தது 7×57. உதை குறைவு, சத்தம் குறைவு. கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கும் கெட்ட பழக்கத்துக்கு இடமில்லை. கணவர் மேசையில் நிரப்பிய 160 கிரெய்ன் ஸ்பியர் குண்டோடு அமெரிக்க மலைகளிலும் ஆப்பிரிக்காவிலும் வேட்டையாடினார். .270-க்காக வாழ்நாளெல்லாம் வாதாடியவர், எலினர் தன்னைவிடக் குறைந்த தோட்டா செலவழிக்கிறாள் என்று திரும்பத் திரும்ப எழுத நேர்ந்தது. மேக்னம் என்ற சொல்லுக்கு மயங்கிக் கிடந்த 1960-களில், ஏழு மில்லிமீட்டர் ரெமிங்டன் மேக்னம் 1962-இல் வந்து அலமாரிகளை நிரப்பிய அதே நேரத்தில், இந்த எழுத்து பலரை எழுபது வயதுத் தோட்டாவின் பக்கம் திருப்பியது.

குண்டுத் தேர்வு என்று வரும்போது இன்றைக்கும் இதை நிரப்புகிறவர்கள் கணக்கு எளிமைதான். சிறிய மானுக்கு 140 கிரெய்ன். காட்டுப் பன்றிக்கும் அடர்ந்த மரக்காட்டுக்கும் 175 கிரெய்ன் உருண்டைமுனை; இலை, சுள்ளியில் பட்டால் குறைவாகத் தடம் மாறும் என்று பலர் நம்புகிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. எல்க் மாதிரிப் பெரிய மானுக்கு 160 பார்ட்டிஷன். முந்நூறு மீட்டருக்கு அப்பால் சுட ஆசைப்படுகிறவருக்கு இது ஏற்ற தோட்டா அல்ல. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இதற்கு விளிம்பு வைத்த 7×57ஆர் என்ற தம்பி உண்டு. மடித்துத் திறக்கும் துப்பாக்கிகளுக்காக. அங்கே ரோ மானுக்கும் சிவப்பு மானுக்கும் அது இன்னும் சாதாரண வழக்கு.

1980-இல் ரெமிங்டன் ஒரு புதுத் தோட்டாவை வெளியிட்டது: 7மிமீ-08. படையின் .308 கூட்டின் கழுத்தை 7 மில்லிமீட்டருக்குக் குறுக்கியது. கூடு 57-ஐவிடக் குட்டை, உள்ளே கொள்ளும் மருந்தும் குறைவு. ஆனாலும் கடைப்பெட்டியில் அதே 140 கிரெய்ன் குண்டு பழைய மௌசரைவிட வேகமாகப் போனது. அமெரிக்காவில் கடைக்காரர்கள் பழையதை ஓரங்கட்டினார்கள். புதியதில் சூட்சுமம் எதுவும் கிடையாது. 1890-களில் செய்த எந்த ரைஃபிளுக்கும் 7மிமீ-08 அறை வெட்டியிருக்கவில்லை. அதனால் உற்பத்தியாளர் தயங்காமல் 61,000 பவுண்டு அழுத்தம் வரை போக முடிந்தது. ஒரு நல்ல 1898 மௌசரில், அறிந்த கை நிரப்பிய 7×57 அந்த வேகத்தை எட்டிப் பிடிக்கிறது. ரூகர் சில ஆண்டுகள் இதற்குக் குழல் போட்டு விற்றது, ரிக்பி மறுபடியும் மௌசர் அமைப்பில் .275 கட்டுகிறது. அமெரிக்கத் தோட்டா நிறுவனங்கள் இன்றும் 51,000 பவுண்டு விதியைத்தான் பெட்டியில் அடைக்கின்றன. 1893 மாதிரிகள் இன்னும் யார் யார் வீட்டு அலமாரியிலோ சுடும் நிலையில் இருக்கின்றன.

(தொடரும்)